பேட்டரிக்குக் காட்டிய சூடம்

நான் சொல்லப்போகும் நிகழ்ச்சிக்கு முன்பே, பள்ளியில் விஞ்ஞானத்தில் முதல் மாணவன் என்று ஊரில் எனக்குப் பெயர் இருந்தது. நேற்று கார்ப் பட்டறையில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும்போது எழுந்த அமில நெடி, எருமப்பட்டியில் என் பெரியப்பா பஸ் விட்ட நாட்களைக் கண்முன் நிறுத்தியது.

பெரியப்பாவுக்குப் பணம் இருந்தது. கேட்டுத் தெரிந்துகொள்ளும் புத்தி இல்லை. சார்ஜ் இறங்கிப்போன பஸ் பேட்டரியை நெல் மில்லின் டைனமோவில் இணைத்து, மூடிகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். டிரைவர் ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயில் அமிலத்தை உறிஞ்சி, உள்ளே மிதவை எழும்பியதைப் பார்த்து, சார்ஜ் ஏறிவிட்டதென்று தலையசைத்தார். துளைகளில் குமிழிகள் பொங்கின. வெள்ளிக்கிழமை ஆதலால், பஸ்ஸுக்குக் காட்டும் சூடத்தைப் பேட்டரிக்கும் காட்டப் பெரியப்பா தட்டோடு வந்தார்.

“குமிழியில வர்ற வாயு தீப்புடிக்குமுங்க பெரியப்பா. எட்ட நின்னு காட்டுங்க.”

“சூடம் காட்டறதுக்கு உன்ற பாடப்புஸ்தகத்துகிட்ட உத்தரவு வாங்கோணுமா? தள்ளி நில்லு சாமி.”

தட்டைத் துளைகளுக்கு மேலேயே சுற்றினார். வெடித்தது. பேட்டரியின் மேற்புறம் சிதறி, அவருடைய வேட்டியெல்லாம் அமிலம் தெறித்தது. ஓடிவந்த மில்காரரிடம் அவர் கூசாமல் சொன்னார்:

“இவன் கம்பிய நோண்டிப்போட்டானுங்க.”

பக்கத்தில் நின்று பார்த்த டிரைவரும், வேலைக்குப் பயந்து, “ஆமாங்க” என்றார். பிரம்மாண்டமான அந்தப் பொய்யை ஊரே நம்பியது.

அவருடைய பேரன்மார் இன்றும் கலியாண வீடுகளில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் எந்தக் கம்பியையும் தொடவில்லை. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். அதற்கு நெருப்பு வைத்தவர் என் பெரியப்பா.