பென்சில் புள்ளடி

நான் எழுதுவினைஞராக இருக்கும் சட்டத்தரணியின் அலுவலகத்தில் நூருன்னிஸா உட்கார்ந்ததும் முதலில் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கூட வந்த மூத்த சகோதரன் ஹுஸ்னி நானா அதைக் கவனிக்கவில்லை.

பலாபத்வலையில் வாப்பா இருவருக்குமாக விட்டுப்போன மிளகாய்த்தூள் மில்லில் இருபது வருடம் நின்று உழைத்தவர் நூருன்னிஸா. கணவர் மௌத்தாகி வீட்டுக்குள் துக்கம் காக்கும் இத்தாவில் இருந்தபோது, வெளி ஆண்கள் பார்க்கக்கூடாதென்று பத்திரம் முடிக்கும் நொத்தாரிசு முற்றத்திலேயே நின்றார். சிங்களத் தாள் மட்டும் உள்ளே போனது. "கரண்ட் மீட்டர் மாத்த" என்றான் ஹுஸ்னி. ஒப்பமிட்டார். அது மில்லில் அவருடைய பாதிப் பங்கை நானாவுக்கு எழுதிக்கொடுக்கும் உறுதிப் பத்திரம்.

"வாசிக்கத் தெரியாட்டி நான் என்ன செய்ய?" என்று பிறகு சிரித்தானாம்.

அந்த வருடமே மகளின் பாடப் புத்தகத்தை வைத்துச் சிங்களம் படிக்கத் தொடங்கினார். யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பது வருடம் போனது. ஹுஸ்னியின் மனைவி ஜெஸ்லா காதி நீதிமன்றத்தில் தாபரிப்புப் பணம் கேட்டாள். தனக்கு ஒன்றுமில்லை என்று காட்ட, தங்கச்சி பேரில் ஒரு கம்பெனியைப் பதிந்து, மில்லை அதற்கு மாற்றத் திட்டமிட்டான் ஹுஸ்னி. பங்குகள் எல்லாம் அவருக்கு, கம்பெனியை நடத்தும் பணிப்பாளரும் அவரே. அந்தப் பங்குகளைத் திரும்ப அவனுக்கே தரும் பத்திரமொன்றைத் திகதியில்லாமல் ஒப்பமிட வேண்டிய தாள்கட்டின் அடியில் செருகியிருந்தான்.

அன்று அலுவலகத்தில், ஒப்பமிடும் இடங்களில் பென்சிலால் × போட்ட அந்தத் தாள்கட்டை அவர் முன்னால் வைத்தான். "பேருக்குத்தான் தங்கச்சி. பென்சில் புள்ளடி போட்ட இடத்தில வை."

போன் வந்து அவன் வெளியே போனான். அவர் ஒவ்வொரு தாளாக வாசித்தார். மேலே இருந்தவற்றில் ஒப்பமிட்டார். கடைசித் தாளை ஒப்பமிடாமல் நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் மீதியைச் சேர்த்துப் பின் அடித்தேன்.

ஹுஸ்னி கட்டைப் பிரித்தும் பார்க்கவில்லை. பதிவுச் சான்றிதழ் வந்த கிழமையே மில்லைக் கம்பெனிக்கு உறுதி எழுதினான்.

அடுத்த மாதம் நூருன்னிஸா தனியாக வந்தார். இரண்டாவது பணிப்பாளரை நியமிக்கும் படிவம் நிரப்பவேண்டும் என்றார். பெயரை நிதானமாகச் சொன்னார்: ஜெஸ்லா.

மூன்றாம் நாள் விஷயம் தெரிந்து ஹுஸ்னி பாய்ந்து வந்தான். அவர் முன்பே வந்து காத்திருந்தார்.

"அந்தத் தாள் எங்கடி?"

"எந்தத் தாள் நானா? கரண்ட் மீட்டர் தாளா?"

மில் சாவிகளை ஒப்படைக்கும் கடிதத்தை அவர் அவன் முன்னால் தள்ளினார்.

"பென்சில்ல புள்ளடி போட்டிருக்கேன். நீங்களாவது வாசிச்சிட்டு வைங்க."