மோகனா அத்தையின் வேட்டைத் துப்பாக்கி

சிரம்பான் பக்கம் மம்பாவுக்கு அப்பால், பழைய ரப்பர் தோட்டத்தின் ஓரத்தில் என் அத்தை மோகனாவுக்கு எண்ணெய் எடுக்கும் செம்பனை கொஞ்சம் உண்டு. புதிதாக நட்ட கன்றுகளின் குருத்தைக் காட்டுப்பன்றிகள் தின்று தீர்த்தன. அங்குள்ள சிறுதோட்டக்காரர்கள் ஞாயிறு காலைகளில் சேர்ந்து வேட்டைக்குப் போவார்கள். துப்பாக்கி உள்ளவர்கள் வரிசையில் நிற்பார்கள். மற்றவர்கள் தகரம் தட்டிப் பன்றியை விரட்ட வேண்டும். அத்தைக்குத் தகரம்தான். தன் நிலத்தைத் தானே காக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்.

தோட்டத்தில் கணக்கு எழுதி ஓய்வுபெற்ற கிராணி துரைசிங்கம் செண்டாயானில் உள்ள மகன் வீட்டுக்குக் குடிபோனபோது, தம் பழைய வேட்டைத் துப்பாக்கியை விற்க முன்வந்தார். குழலுக்கு அடியில் உள்ள மர முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்து முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும் வகை. போலீஸ் நிலையத்துக்குப் பலமுறை அலைந்து அத்தை தன் பெயரில் உரிமம் வாங்கினார். துருப்பிடித்த உள்பாகங்களைச் சிரம்பானில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்காரர் சரிசெய்தார். மரவேலையை அத்தை யாருக்கும் விடவில்லை. பிளந்திருந்த முன்கட்டையை ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய் ஏற்றினார். அதன் ரேகைகள் தேன் நிறத்தில் எழுந்து வந்தன.

வேட்டைக்குத் தலைவர் மகேந்திரன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அக்கா, இது சுடுமா, இல்ல செவுத்துல மாட்டவா?"

"பன்னிகிட்ட கேளுலா, அது சொல்லும்."

இடையில் ஆயுத பூசை வந்தது. லாரிக்கும் அரிவாளுக்கும் வைப்பது போல் துப்பாக்கிக்கும் சந்தனம் பூசினார். தான் அதிகம் உழைத்த முன்கட்டைக்குத் தாராளமாகவே பூசினார்.

அடுத்த ஞாயிறு பன்றி அவர் பக்கம் ஓடி வந்தது. முதல் குண்டு தப்பியது. முன்கட்டையை இழுத்தார். அசையவில்லை. பன்றி கன்றுகளை மிதித்துக்கொண்டு போய்விட்டது.

"அடுத்த வாரம் தகரத்தையே புடிங்கக்கா," என்றார் மகேந்திரன்.

"அடுத்த வாரமும் இங்கதான் நிப்பேன். மறுபடி அடைச்சா நீ சொல்ல வேணாம், நானே தகரத்த எடுத்துக்கிறேன்."

வீட்டில் தோட்டாக்களை எடுத்துவிட்டுப் பிரித்துப் பார்த்தார். பன்னீரில் குழைத்த சந்தனம் முன்கட்டை ஓடும் தடத்தில் வழிந்து சிமெண்டு போல் இறுகியிருந்தது.

"ஐயோ, நானே பூசி நானே அடைச்சிருக்கேன்லா!" என்று சிரித்தார். பிறகு பழைய பல் துலக்கியால் சுரண்டத் தொடங்கினார். மதியச் சோறு ஆறிப்போயிற்று.

மறு ஞாயிறும் முதல் குண்டு மண்ணில்தான் பாய்ந்தது. எல்லோரும் அத்தையைப் பார்த்தார்கள். முன்கட்டை பின்னால் வந்து முன்னால் போனது, சடக் சடக் என்று. இரண்டாவது குண்டில் பன்றி கன்றுகளுக்கு நடுவே விழுந்தது.

மகேந்திரன் அருகில் வந்தார்.

"குடுங்கக்கா, ஒரு தடவ நானும் இழுத்துப் பாக்குறேன்."

"தோட்டாவ எடுத்துட்டுத் தரேன், இரு," என்றார் அத்தை. அவசரப்படாமல்தான் எடுத்தார்.

இந்த வருட ஆயுத பூசையில் சந்தனம் துப்பாக்கிப் பைக்கு மட்டும். துப்பாக்கிக்குத் தள்ளி நின்று ஒரு கும்பிடு.