இரண்டு பேருக்கும் ஒன்று

நானும் அண்ணையும் இரட்டைப்பிள்ளைகள். எனக்குச் சற்று முந்திப் பிறந்ததால் அவர் அண்ணை. கொழும்புத்துறையில் கடற்றொழில் செய்தார்; நான் பட்டணத்தில் படிப்பித்தேன். எழுபது தாண்டிய பிறகு, முதுமையைப் பற்றிய ஓர் ஆய்வுக்கு இருவரும் இரத்தம் கொடுத்தோம்.

முடிவைக் கேட்க நான் மட்டும் போனேன். எங்கள் உடலின் கலங்களில், அதாவது உயிரணுக்களில், நிறமூர்த்தம் என்கிற குரோமோசோம்களின் நுனியைக் காக்கிற டெலோமியர் என்றொரு பகுதி இருக்கிறதாம். வயது போகப்போக அது குறுகுமாம். மிகவும் குறுகினவர்களுக்குச் சாவு முந்தி வரும் வாய்ப்புச் சற்றுக் கூடுதல் என்றார் டொக்டர்.

"ஆனா இதை வைச்சுத் தனி ஆளுக்கு ஒண்டும் சொல்லேலாது, சேர்."

அண்ணையுடையது என்னுடையதைவிடக் குறுகியிருந்தது. அதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. நினைக்க இன்றும் கூசுகிறது.

"என்னவாம்?" என்று அண்ணை கேட்டார்.

"ரெண்டு பேருக்கும் ஒண்டுதான், அண்ணை" என்றேன்.

அடுத்த மாரிமழைக் காலத்தில் எனக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் என் கட்டிலருகே இருந்த அண்ணை மெல்லச் சொன்னார்: "ரெண்டு பேருக்கும் ஒண்டெண்டு சொன்னனியெல்லோ. அப்ப எனக்கும் உது வரும்."

நான் தேறிவிட்டேன். அவரோ வள்ளத்தை மகனிடம் கொடுத்துவிட்டு, நெஞ்சைத் தடவியபடி வீட்டிலேயே இருக்கிறார். உண்மையைச் சொன்னால் இன்னும் பயப்படுவார். அதனால் பின்னேரங்களில் அவரைக் கூட்டிக்கொண்டு கரையோரம் நடக்கிறேன். "களைக்குதே?" என்று அவர்தான் என்னைக் கேட்கிறார்.