முனைக்குள் ஒரு சொட்டு எண்ணெய்

ஒரு பெட்டியை நிரப்ப எனக்குப் பதினொரு மாதம் பிடித்தது. உள்ளே வைக்க வேண்டிய சாமான்களை ஒரே சனிக்கிழமையில் வாங்கிவிடலாம். கண்டி டவுனில் கிடைக்காதது ஒன்றிரண்டுதான், அதையும் கொழும்புக்குப் போகிற யாரிடமாவது சொல்லிவிட்டால் வந்துவிடும். ஆனாலும் பதினொரு மாதம். பெட்டி நிரம்பியதும் அதை ஒருத்தியிடம் கொடுக்க வேண்டும், கொடுக்கும்போது அவளிடம் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும் என்று எனக்கு நானே விதித்திருந்தேன். அதனால் பெட்டி நிரம்பிவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

வாள்வீச்சு வாள்களைப் பழுதுபார்க்கிற பெட்டி அது. எனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். நான் கண்டியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். காதுக்கம்பி மாற்றுவது, கழன்ற ஸ்க்ரூவை முடுக்குவது, கண்ணாடி மேல் உட்கார்ந்துவிட்டு "தானாகவே வளைந்துவிட்டது" என்று சத்தியம் பண்ணுகிறவர்களை நம்புவது, இவைதான் என் நாள். குனிந்து குனிந்து முதுகு பிடித்துக்கொண்டபோது டொக்டர் ஏதாவது விளையாடச் சொன்னார். ஒரு பாடசாலை மண்டபத்தில் சனிக்கிழமைகளில் பெரியவர்களுக்கும் வாள்வீச்சு பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். இரண்டாவது வாரமே என் கைப்பைக்குள் கிடந்த சின்ன ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து அங்குள்ள வாள்களுக்கெல்லாம் நான்தான் வைத்தியர். அதில் எனக்குப் பெருமை நிறைய இருந்தது. அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் பழகும் வாளால் வெட்டுவதில்லை, குத்துவது மட்டும்தான். வாளின் முனையில் ஒரு குட்டிப் பொத்தான் இருக்கும். அது எதிராளியின் உடம்பில் பட்டு அமுங்கினால், அலகில் ஓடும் கம்பி வழியாக மின்சாரம் போய், மேசையில் இருக்கும் விளக்கு எரியும். எரிந்தால் ஒரு புள்ளி. எரியாவிட்டால் அந்தக் குத்து இரண்டே பேருக்குத்தான் தெரியும், குத்தினவளுக்கும் வாங்கினவளுக்கும்.

பெட்டி யாருக்கென்று நினைத்திருந்தேனோ, அவள் கம்பளையிலிருந்து வருவாள். அங்கே ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. அப்பா, அம்மா இருவரும் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். என்னைவிட மூன்று வயது இளையவள் என்று தெரிந்த நாளிலிருந்து என்னை அக்கா என்றாள். சனிக்கிழமை லீவுக்காக ஞாயிறு முழுவதும் கடையில் நிற்பாள். பயிற்சி முடிந்ததும் இருவரும் பஸ் நிலையம் வரை நடப்போம், வழியில் ஆளுக்கொரு ரோல்ஸும் பிளேன் டீயும். என் யாழ்ப்பாணப் பேச்சைச் செய்து காட்டி என்னையே சிரிக்க வைப்பாள். நான் கண்டியிலேயே பிறந்தவள்தான், ஆனால் வீட்டுப் பேச்சு மாறவில்லை.

அவளுக்கு நல்ல கை. எதிராளியின் முன்கையைத்தான் குறிபார்ப்பாள். மற்றவர்களைப் போல இடிக்கமாட்டாள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற அளவுதான் படும், விளக்கு எரிந்துவிடும். பயிற்சியாளரே அந்தக் கையை எங்களுக்குக் காட்டிப் பாருங்கள் என்பார். எனக்கு அந்தக் கை இல்லை. பொறாமையா என்றால், ஆம், கொஞ்சம்.

போன ஜனவரியில் மாகாண அணிக்கு ஆள் எடுத்தார்கள். நான்கு இடம். டிசம்பர் மழையில் மண்டபத்துக் கூரை ஒழுகி, வாள்கள் இருந்த அலுமாரிக்குள் ஈரம் இறங்கியிருந்தது. தேர்வுக்கு முதல் நாள் வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் போய் எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்தேன். என் வாளின் முனையும் அவள் வாளின் முனையும் கொஞ்சம் இறுகியிருந்தன. தையல் மெஷின் எண்ணெய்ப் போத்தலின் அடியில் இருந்த கடைசிச் சொட்டை என் வாளுக்கு விட்டேன். முதலில் என் வாளுக்கு. பிறகு அவளுடையதைக் கையில் எடுத்தால் போத்தல் காலி. கடைக்குப் போய் வர இருபது நிமிடம். என் பையில் தலைக்குப் பூசும் தேங்காயெண்ணெய் ஒரு சின்னப் போத்தலில் இருந்தது. ஒரு சொட்டுத்தானே என்று விட்டேன். பொத்தான் வழுக்கிக்கொண்டு போய் வந்தது. எனக்கே என் சாமர்த்தியத்தில் சிரிப்பு வந்தது. அன்று பின்னேரமே எல்லா வாள்களின் முனையிலும் எடைக்கல்லை வைத்து, உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதைத் தூக்குகிறதா என்று சோதித்தார்கள். அவளுடையதும் தேறியது. அதன் பிறகு அலுமாரியைப் பூட்டினோம்.

முனைக்குள் எந்த எண்ணெயும் விடக்கூடாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்தது அந்த ஒன்றுதான்.

சனிக்கிழமை காலை நல்ல குளிர். மண்டபத்துச் சீமெந்துத் தரை காலுறையைத் தாண்டிக் குளிர்ந்தது. முதல் நாளே சோதித்தாயிற்று என்று யாரும் மறுபடி எடைக்கல்லை எடுக்கவில்லை. நேரே ஆட்டம். முதல் ஆட்டமே அவளும் நானும். ஐந்து புள்ளியை முதலில் எடுப்பவர் வெற்றி.

மூன்றுக்கு மூன்று என்று நின்றோம், அவளுடைய மூன்றும் நான் பாய்ந்துபோய் அவள் முனையில் பலமாக மோதியதால் எரிந்தவை. அவள் என் முன்கையில் குத்தினாள். முழங்கைக்குக் கீழே, சரியாகச் சதையில். விளக்கு எரியவில்லை. அவள் கையை உயர்த்தி வாளைப் பார்க்கச் சொன்னாள். நடுவர் முனையைத் தன் பெருவிரலால் பலமாக அழுத்தினார், எரிந்தது. வேலை செய்கிறதே என்று சிங்களத்தில் சொல்லிவிட்டுத் தொடரச் சொன்னார். திரும்பவும் அதே இடத்தில் குத்தினாள். எரியவில்லை. இந்த முறை அவள் நடுவரைப் பார்க்கவில்லை. முகமூடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். நான் கையுறையைச் சரிசெய்தேன். அதில் சரிசெய்ய எதுவும் இருக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் அவசரப்பட்டாள், நான் இரண்டு புள்ளி எடுத்தேன். ஐந்துக்கு மூன்று.

மாற்று வாள் ஒன்று இருந்தது, அதன் கம்பி அறுந்திருந்தது. அதைச் சரிசெய்திருக்க வேண்டியவளும் நான்தான். ஆகவே அடுத்த ஆட்டத்தையும் அவள் அதே வாளோடு ஆடித் தோற்றாள். வெயில் ஏற ஏற அவளுடைய விளக்கும் எரியத் தொடங்கியது, கடைசி ஆட்டங்களை நன்றாகவே வென்றாள். மத்தியானம் பயிற்சியாளர் எடைக்கல்லை வைத்துப் பார்த்தார். வாளில் ஒரு குறையும் இல்லை.

"ஆயுதத்தைக் குறை சொல்லாதே, உன் கையில்தான் பலம் இல்லை" என்றார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

அவள் வாளை என்னிடம் கொண்டு வந்தாள். "நீங்க ஒருக்கா பாருங்கக்கா. காலையில வேல செய்யல. நான் பொய் சொல்லலக்கா."

நான் அழுத்திப் பார்த்தேன். "நல்லாத்தானே இருக்கு" என்றேன். அந்த நேரத்தில் அது உண்மைதான். அதைப் பிடித்துக்கொண்டு நான் எத்தனை நாள் தொங்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

அன்று குளிக்கும்போது என் முன்கையில் பக்கத்தில் பக்கத்தில் நீலமாக இரண்டு கண்டல், ஐந்து சதக் காசு அளவில். மறுநாள் காலை தலைக்கு எண்ணெய் வைக்க எடுத்தேன், வரவில்லை. போத்தலைக் கவிழ்த்தாலும் வரவில்லை. வெள்ளையாக உறைந்திருந்தது. "வெந்நீருக்குள்ள வையன், பனிக்கு இப்பிடித்தானே" என்றா அம்மா அடுக்களையிலிருந்து. ஜனவரிக் கண்டியில் தேங்காயெண்ணெய் உறைவது எனக்குத் தெரியாத சங்கதியா? ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன். போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்ற நிலையைப் பார்த்து அம்மா காய்ச்சலோ என்று கேட்டா.

என்னிடம் இருந்த பழைய முனையொன்றில் ஒரு சொட்டு விட்டு அன்றிரவு ஜன்னலோரம் வைத்தேன். திங்கட்கிழமை விடிந்ததும் மெதுவாக அழுத்தினேன், மின்சாரம் ஓடினால் பீப் என்கிற மல்டிமீட்டர் சத்தமே போடவில்லை. பலமாக அழுத்தினால் பீப் என்றது. உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்தி வைத்திருந்தேன். பிறகு தொட்டதற்கெல்லாம் பீப் என்றது.

அணியின் பெயர்ப் பட்டியல் புதன்கிழமை வந்தது. நான் நான்காவது. அவள் ஐந்தாவது. திங்களுக்கும் புதனுக்கும் இடையில் இரண்டு முழு நாள் இருந்தது, கையில் தொலைபேசி இருந்தது, பயிற்சியாளரின் இலக்கமும் இருந்தது. நான் செய்தது என்ன? அடுத்த சனிக்கிழமை அரை மணி முந்திப் போய், அவள் வாளின் முனையைக் கழற்றி, ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துச் சுத்தமாகத் துடைத்து வைத்தேன். திருடன் கூட இவ்வளவு சுத்தமாகத் துடைத்திருக்கமாட்டான். அணியோடு போய் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பினேன், அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

அவள் பயிற்சியை விடவில்லை. விட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்குமோ என்று கூட நினைத்திருக்கிறேன், அவ்வளவு கெட்ட மனது. அவள் தன் கையை மாற்றிக்கொண்டாள். கம்பளை வீட்டுச் சுவரில் பழைய மெத்தைத் துண்டைக் கட்டி, தினமும் வேலைக்குப் போகுமுன் நூறு தரம் பலமாகக் குத்துகிறாளாம். "சார் சொன்னது சரிதாங்கக்கா, கையில பலமில்ல" என்றாள். மே மாதமளவில் மணிக்கட்டில் இலாஸ்டிக் பட்டி போட்டுக்கொண்டு வந்தாள். அந்த மெதுவான கை போய்விட்டது. இப்போது அவளும் மற்றவர்களைப் போல இடிக்கிறாள்.

பெட்டியை நான் தொடங்கியது அந்த மணிக்கட்டுப் பட்டியைப் பார்த்த பிறகு என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் பட்டியல் வந்த வாரமே தொடங்கிவிட்டேன். எங்கள் கடையில் ஃபிரேம் மாதிரிகள் கொண்டு வரும் பழைய பெட்டி ஒன்று கிடந்தது, உள்ளே பஞ்சு வைத்துத் தட்டுத் தட்டாகப் பிரித்தது. முதலாளியிடம் கேட்டு எடுத்தேன். முனையின் இரண்டு பக்கமும் கடுகளவு ஸ்க்ரூ இருக்கும், விழுந்தால் தரையில் தேடிக் கண் போய்விடும். அதற்கென்று நுனி காந்தமான ஸ்க்ரூ டிரைவர், மாற்று ஸ்க்ரூ பன்னிரண்டு, இரண்டு அளவில் ஸ்பிரிங். பொத்தான் எவ்வளவு இறங்க வேண்டும் என்று அளக்க மெல்லிய தகடு இரண்டு. பிடியைக் கழற்றும் சாவி. துருவைத் தேய்த்தெடுக்க அரத்தாள். கம்பி ஒட்டப் பசை. மல்டிமீட்டர். ஸ்பிரிட், பஞ்சுக் குச்சி. மின்சார நாடா.

எடைக்கல்தான் கடைசி. வாளை நிமிர்த்திப் பிடித்து முனையில் அதை வைத்தால், ஸ்பிரிங் அதைத் தூக்கிக் காட்ட வேண்டும். எழுநூற்றைம்பது கிராம், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கட்டுகஸ்தோட்டையில் ஒரு லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து தரச் சொன்னேன். முதல் தரம் ஏழு கிராம் கூட. திருப்பிக் கொடுத்தேன். அடுத்த தரம் இரண்டு கிராம் குறைவு. அதையும் திருப்பினேன். பட்டறைக்காரர், "இதில் தங்கமா நிறுக்கப் போகிறீர்கள் நோனா?" என்று சிங்களத்தில் கேட்டார். நாள் கடத்துகிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது. மூன்றாவது தரம் சரியாக வந்துவிட்டது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

இந்த டிசம்பரில், மழை விட்ட ஒரு சனிக்கிழமை, பயிற்சி முடிந்து எல்லோரும் போன பிறகு அவளைச் சுவரோரம் கிடந்த நீள வாங்கில் உட்காரச் சொன்னேன். பெட்டியை அவள் மடியில் வைத்தேன். திறந்து பார்த்தவளுடைய முகம் மலர்ந்துவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்தாள், எடைக்கல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"என்னாக்கா இது, எனக்கா? எம்புட்டு அழகா அடுக்கியிருக்கீங்க."

"உனக்குத்தான். இரு, ஒரு விஷயம் சொல்லோணும்."

எண்ணெயைச் சொன்னேன். மெஷின் எண்ணெய் முடிந்தது, தேங்காயெண்ணெய் விட்டது, குளிருக்கு உறைந்தது, வெயிலுக்கு இளகியது, திங்கட்கிழமையே எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, எல்லாம். பல தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததால் தடுக்காமல் வந்தது. கடைசியில், உன் கையில் ஒரு குறையும் இல்லை என்றேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொல்லி முடித்துவிட்டேன் என்ற ஆறுதல் கூட வந்தது.

அவள் மணிக்கட்டுப் பட்டியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை. என் முன்கையைப் பார்த்துக் கேட்டாள்.

"மூணுக்கு மூணு இருக்கயில நான் ரெண்டு வாட்டி குத்துனேனே. உங்க கையில பட்டிச்சே. அது தெரிஞ்சிச்சா உங்களுக்கு?"

அந்தக் கேள்விக்கு நான் தயாராக இருக்கவில்லை. பதினொரு மாதத்தில் ஒரு நாள் கூட அதை எனக்குள் சொல்லிப் பார்க்கவில்லை.

"ஓம்" என்றேன். "தெரிஞ்சது."

"அப்போ எண்ணெய எதுக்கு மொதல்ல சொன்னீங்க?"

அவள் எடைக்கல்லை அதன் இடத்தில் வைத்து, பெட்டியை மூடி, என் பக்கம் தள்ளினாள். "என்கிட்ட சொல்லி என்னாகப் போவுது. அன்னைக்கு எல்லார் முன்னாடியும்தானே நான் பொய்க்காரியானேன்" என்றாள். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். அன்று பிளேன் டீ இல்லை.

அடுத்த சனிக்கிழமை எல்லோரும் வரிசையில் நின்றபோது, ஒரு நிமிடம் வேண்டும் என்று பயிற்சியாளரிடம் கேட்டு முன்னால் வந்தேன். அவள் வரிசையின் கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சட்டைக் கையை மேலே இழுத்து, அடையாளம் எப்போதோ மறைந்துபோன அந்த இடத்தைக் காட்டி, போன ஜனவரியில் இவள் இங்கே என்னை இரண்டு தரம் குத்தினாள், எனக்குப் பட்டது, நான் சொல்லவில்லை என்றேன். எண்ணெயை அதற்குப் பிறகு சொன்னேன்.