நான் எழுதிய விரதம்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், தைப்பூசத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கோலாலம்பூருக்குப் பக்கத்தில் பத்துமலை முருகன் கோயில் அடிவாரத்தில் ஒரு கூடாரக் கடையில் நடந்தது இது. அன்று நான் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தேன். நான் எழுதிய புத்தகம்தான். ஆனால் அது வாங்குகிறவர்களுக்குத் தெரியாது.

எப்படி என்று சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகம் முடித்த சூட்டோடு ஒரு நாவல் எழுதினேன். பெட்டாலிங் ஜெயாவில் ஓர் அலுவலகம், அங்கே நாலு இளைஞர்கள், அவர்களுடைய காதல், கோபம், வாடகை அறை. உலகமே திரும்பிப் பார்க்கும் என்று நம்பிச் சொந்தச் செலவில் அச்சடித்தேன். கிள்ளானில் எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் அது இன்னும் பெட்டி பெட்டியாகத் தூங்குகிறது.

பிரிக்ஃபீல்ட்ஸில் பூசைப் பொருள் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் பக்திப் புத்தகங்களும் அச்சடித்து விற்பார். என் நாவலைக் கடையில் வைக்க முடியுமா என்று அவரிடம் கேட்கப் போனேன். நாலு பக்கம் புரட்டினார்.

"நல்லாத்தான் எழுதுற. ஆனா இதுல சாமி எங்கமா?"

"இது வேற மாதிரி கதை அண்ணே."

"கற்பூரம் வாங்க வர்றவங்க வேற மாதிரி கதைய வாங்க மாட்டாங்க லா. சாமி கதையா ஒண்ணு எழுதிக் கொண்டா, பாப்போம்."

ரோஷத்தோடு வெளியே வந்தேன். ஆனால் கம்யூட்டர் என்கிற புறநகர் ரயில் கிள்ளானை எட்டுவதற்குள் பாதிக் கதை மனசில் ஓடிவிட்டது. அப்படித்தான் நான் பக்தி நாவல் எழுத்தாளர் ஆனேன். நூறு பக்கத்துக்குள் ஒரு குடும்பம், ஒரு கஷ்டம், ஒரு சாமி. கற்பூர டப்பாக்களுக்கும் விபூதிப் பொட்டலங்களுக்கும் நடுவில் என் கதைகள் அடுக்கப்பட்டன. அண்ணனே ஒரு புனைபெயர் சூட்டினார். அந்தப் பேரைக் கேட்டால், காவி கட்டிய தாடிக்காரர் ஒருவர் கண்முன் வருவார். அவை விற்றன. கதை எழுதியே வீட்டு வாடகைக்குப் பங்கு கொடுக்கிறேன் என்று தோழிகளிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

மூன்றாவது புத்தகத்துக்கு அண்ணன் ஒரு யோசனை சொன்னார். "கடைசியில ஒரு விரதம் வைம்மா. படிச்சு முடிச்சவங்க கையால ஏதாவது செய்யணும்ல."

அந்தக் கதையில் மகன் கோபித்துக்கொண்டு சிங்கப்பூருக்குப் போய்விடுவான். அம்மா அவனுக்காக விரதம் இருப்பாள். எனக்கு ஒரு சிக்கல். இந்தக் காலத்தில் அம்மாவையும் மகனையும் நூறு பக்கத்துக்குப் பிரித்து வைப்பது லேசில்லை. ஆளுக்கொரு கைப்பேசி. யாராவது ஒருத்தர் அழைத்துவிட்டால் இருபதாம் பக்கத்திலேயே கதை முடிந்துவிடும். யோசித்து யோசித்து விரதத்துக்குள் ஒரு விதியைச் செருகினேன். வெள்ளிதோறும் பிரிந்தவருக்குப் பிடித்ததைச் சமைத்து அம்மனுக்குப் படைக்க வேண்டும். அவர் வாசலில் வந்து நிற்கும்வரை அவரோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது.

எந்தக் கோயிலிலும் எந்தச் சாமிக்கும் அப்படி ஒரு விரதம் கிடையாது. கதை ஓட வேண்டுமே என்று நான் கட்டியது.

அதிலிருந்து கிடைத்ததுதான் நான் எழுதியதிலேயே நல்ல அத்தியாயம். மகன் அழைக்கிறான். போன் அடித்துக்கொண்டே இருக்கிறது. அம்மா விளக்கின் முன் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எடுக்கவில்லை. எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. படித்துவிட்டுக் கடைக்கார அண்ணன் மூக்கை உறிஞ்சினார். அந்தப் புத்தகம் பிய்த்துக்கொண்டு போனது. கடைசிப் பக்கத்தில் விரத முறையை அவர் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்.

இப்போது கூடாரத்துக்கு வருகிறேன். உறுமிச் சத்தமும் வெயிலும் காதையும் மண்டையையும் பிளந்துகொண்டிருந்தன. ஐம்பது வயதிருக்கும் ஓர் ஆன்டி வந்து நின்றார். செராஸில் ஒரு பள்ளிக் கேன்டீனில் வேலை செய்கிறாராம். பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய என் மூன்றாவது புத்தகத்தை எடுத்தார். அட்டையில் குங்குமம் வைத்திருந்தார்.

"இத எழுதின ஐயா இங்க வருவாராம்மா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, "என்ன விஷயம் ஆன்டி?" என்றேன்.

"ஒரு சந்தேகம் கேக்கணும். என் மக ஒரு பையன விரும்பி, வீட்டுல சண்ட போட்டுட்டு ஜொகூர் பாரு போயிட்டா. இந்த விரதத்த இருந்தேன். இருக்க ஆரம்பிச்ச ரெண்டாவது வாரமே அவ போன் பண்ணிட்டா."

"நல்லதுதானே ஆன்டி."

"எப்படிமா எடுக்கிறது? வாசல்ல வந்து நிக்கிற வரைக்கும் பேசக் கூடாதுன்னு போட்டிருக்கே. போன்ல பேசினாலும் பேச்சுதானே? கதையில அந்த அம்மாவும் எடுக்கல. நானும் எடுக்கல. திரும்பத் திரும்ப அடிச்சா. தீபாவளி அன்னிக்குக் காலையிலயும் அடிச்சா. அந்த அம்மா மாதிரியே கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்." கைப்பேசியை எடுத்து, மகளின் பெயரைத் தேடிக் காட்டினார். "அதுக்கப்புறம் அடிக்கிறதே இல்ல. விரதம் பலிக்கப் போவுதா, இல்ல நான் எங்கயாவது தப்புப் பண்ணிட்டேனா, தெரியல. இனிமே அவ கூப்பிட்டா எடுக்கலாமான்னு ஐயாவ ஒரு வார்த்த கேக்கணும்."

எனக்கு எப்போதும் நாக்கு ஒரு படி முன்னால் ஓடும். அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

"ஆன்டி, அந்த ஐயா யாரும் இல்ல. இத எழுதினது நான். அப்படி ஒரு விரதமே கிடையாது. கதைக்காக நானா கட்டினது."

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். ஜீன்ஸ், டீ-சட்டை, வெயிலுக்குக் கவிழ்த்த தொப்பி.

"சாமி விஷயத்துல விளையாடாதம்மா."

"சத்தியமா ஆன்டி. போன் பண்ணிப் பேசிட்டா கதை முடிஞ்சிடுமேன்னுதான் அந்த விதிய வச்சேன்."

அவர் முகத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. மிக மெதுவாகக் கேட்டார்:

"அது பொய்னா, நான் எடுக்காம விட்டதெல்லாம் என்னம்மா?"

அவர் புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாகத் திரும்ப வைத்தார். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ சின்னப் புள்ள. தெரியாமப் பேசுற. அம்மன் உன்ன மன்னிக்கட்டும்," என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்தார்.

பக்கத்தில் மாலை தொங்கவிட்டுக்கொண்டிருந்த கடைக்கார அண்ணன், "என்னம்மா நீ, வந்த ஆள விரட்டுறியே," என்று முணுமுணுத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஆன்டி என்னிடம் உண்மையைக் கேட்க வரவில்லை. எடுக்கலாமா, வேண்டாமா, அவ்வளவுதான் கேட்டார். ஐயா சொல்லியனுப்பினார் ஆன்டி, மகள் கூப்பிட்டால் அது அம்மன் கூப்பிட்ட மாதிரி, உடனே எடுக்கணுமாம், அவள் கூப்பிடாவிட்டால் நீங்களே கூப்பிடலாமாம் என்று சொல்லியிருந்தால், அங்கேயே கூடாரத் தூணுக்குப் பக்கத்தில் நின்று அவர் ஜொகூருக்கு அழைத்திருப்பார். நூறு பக்கம் கூசாமல் கட்டியவள், தேவைப்பட்ட இடத்தில் இன்னும் ஒரு வரி கட்டவில்லை. என் மனசு லேசாக வேண்டும் என்று உண்மையைத் தூக்கி அவர் தலையில் வைத்தேன். அதை நம்பினால் ஒரு தீபாவளிக் காலையை அவர் என்ன செய்வார்? அதனால் நம்பவில்லை.

தொப்பியைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். மஞ்சள் சேலை என்று ஞாபகம். பத்துமலையில் அந்த வாரம் யார்தான் மஞ்சள் சேலை கட்டவில்லை? படிக்கட்டுக்கு அடியில், பால்குடங்களுக்கு நடுவில், ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் எல்லாம் தேடினேன். சொல்ல வேண்டிய வசனம் மட்டும் வாயில் தயாராக இருந்தது. பேரைக்கூடக் கேட்காமல் விட்டிருக்கிறேன்.

அடுத்த பதிப்பில் அந்த அத்தியாயத்தை மாற்ற வேண்டும் என்று அண்ணனிடம் சண்டை போட்டேன். "அந்த அத்தியாயத்துக்குத்தான் புத்தகமே விக்குது, புரியுதா?" என்றார். இனிமேல் எழுதவே மாட்டேன் என்று மிரட்டிய பிறகுதான் இறங்கி வந்தார். இப்போது வரும் புத்தகத்தில் மகன் அழைக்கிறான், அம்மா எடுத்துவிடுகிறாள். பிரிந்தவர் அழைத்தால் உடனே எடுக்க வேண்டும் என்று கட்டத்துக்குள்ளும் ஒரு வரி சேர்த்தோம். ஆனால் குங்குமம் வைத்த பழைய புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருப்பவர் புதுசு ஏன் வாங்கப் போகிறார்? அதற்கடுத்த தைப்பூசத்துக்கும் அதே இடத்தில் கடை போட்டோம். நான் சாப்பிடக்கூட நகரவில்லை. அவர் வரவில்லை.

இன்னும் பக்தி நாவல்தான் எழுதுகிறேன். அதுதான் என் பிழைப்பு, வேறு எழுதினால் வாங்க ஆளில்லை. உன் கதையெல்லாம் இப்போது சீக்கிரமே முடிந்துவிடுகிறது என்று அண்ணன் குறைப்படுகிறார். நான் என்ன செய்வது? என் கதைகளில் போன் அடித்தால் யாராவது ஓடிவந்து எடுத்துவிடுகிறார்கள். செராஸில் ஏதோ ஒரு வீட்டில் மட்டும், ஒரு கைப்பேசி அடிக்காமலே கிடக்குமோ என்ற நினைப்புதான், ஒவ்வொரு புத்தகத்தையும் எழுதி முடிக்கும்போது வந்து என் முன்னால் உட்கார்ந்துகொள்கிறது.