பழைய விண்டோஸும் புது மெஷினும்

கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கிற கடைக்கு வருகிற எல்லோரும், உட்கார்வதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்டுவிடுவார்கள்: "பழசுல இருக்கிற விண்டோஸை எடுத்து புதுசுல போட்டுடலாம்ல?" அம்பத்தூரில் பன்னிரண்டு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். இதே தொழிலில் இருக்கிறவர்களுக்கு என் கஷ்டம் சொல்லாமலே புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: மெஷினோடு கம்பெனி போட்டுக் கொடுத்த விண்டோஸின் உரிமை அந்த மெஷினோடு, அதிலும் உள்ளே எல்லாவற்றையும் இணைக்கிற பலகையான மதர்போர்டோடு, முடிந்துவிடும். தனியாகப் பெட்டியில் வாங்கியிருந்தால்தான் வேறு மெஷினுக்கு மாற்றலாம். இதைக் கேட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டு போனவர்கள் நிறைய. நான் எழுதப்போவது கோபித்துக்கொள்ளாதவர்களைப் பற்றி.

ஸ்டிக்கர்

சென்னீர்குப்பத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் தாமோதரன், புது மெஷினை எடுத்துப்போன மறுநாளே அதைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். திரையில் விண்டோஸை ஆக்டிவேட் செய்யச் சொல்லி, அதாவது உரிமையைப் பதிவுசெய்யச் சொல்லி, எழுத்து வருகிறதாம். அவர் பங்குக்கு எல்லாம் செய்துவிட்டார்; பிறகு ஏன் வருகிறது என்பதுதான் அவர் கேள்வி. என்ன செய்தார் என்று பார்த்தால், பழைய கேபினெட்டில் இருந்த லைசென்ஸ் ஸ்டிக்கரை மனைவியின் ஹேர் டிரையரால் சூடு காட்டி, ஓரம்கூடக் கிழியாமல் உரித்து, புதியதில் ஒட்டியிருந்தார். நான் ஒட்டியிருந்தால் அவ்வளவு நேராக வந்திருக்காது.

சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஸ்டிக்கர் இடம் மாறினாலும் உரிமை அதோடு சேர்ந்து வராது என்று விளக்கினேன். அவர் முணுமுணுக்காமல் புது லைசென்ஸ் போடச் சொல்லிவிட்டார். அதோடு எனக்கு ஓர் உதாரணமும் கொடுத்தார். இன்றுவரை எல்லோருக்கும் அதைத்தான் சொல்லிவருகிறேன். "என் சீசன் டிக்கெட்ட எடுத்துகினு என் தம்பி டிரெயின்ல போனா டிடிஆர் புடிப்பான்ல, அந்த மாதிரி. இன்னாம்மா, கரீட்டா?"

நான் சொன்ன தப்பு

கடை திறந்த முதல் வருஷம். சேக்காட்டில் வீட்டிலேயே டைப்பிங் வேலை செய்யும் வசந்தி, கல்யாணப் பத்திரிகையும் பள்ளிக்கூடக் கேள்வித்தாளும் அடித்துக் கொடுத்துக் குடும்பத்தை நடத்துபவர். பழைய மெஷின் ரொம்ப மெதுவாகிவிட்டது, புதிதாக ஒன்று கட்டித் தரச் சொன்னார். விண்டோஸ் அப்படியே மாறிவிடுமா என்று அவர் கேட்டார். மாறும் என்று தெரியாமலே சொல்லிவிட்டேன். அதை நம்பித்தான் அவர் ஆர்டரே கொடுத்தார்.

மெஷினைக் கட்டி முடித்துப் பார்த்தால் ஆக்டிவேஷன் ஏற்கவில்லை. என்னோடு வேலை பார்த்த பாபு, இதற்கெல்லாம் குறுக்கு வழி இருக்கிறது, போட்டுக் கொடுத்தால் அவருக்குத் தெரியவா போகிறது என்றான். ஒரு மணி நேரம் நானும் அதை யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் மொத்தமும் அவர் மெஷினில்தான் இருக்கப்போகின்றன. நடுவில் ஏதாவது ஆனால் யாரிடம் போய் நிற்பார்? ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சேக்காட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் என்னை உள்ளே உட்காரவைத்து, அப்படியானால் பழைய மெஷினையே சரிசெய்ய முடியுமா என்று மட்டும் கேட்டார். அது எனக்குத் தோன்றவே இல்லை. மதர்போர்டைத் தொடாமல் ரேம் மெமரியைக் கூட்டி, பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போட்டோம். லைசென்ஸும் போகவில்லை, வேகமும் வந்தது. கட்டிவைத்த புது மெஷினை நானே வேறு ஒருவருக்கு விற்றுக்கொண்டேன்.

நாலு வருஷம் கழித்து, இன்னொரு மெஷின் வாங்கக் கடைக்கு வந்தபோது பாபுவிடம் அவர் சொன்னது: "தப்பா சொல்லிட்டேன்னு சொல்றதுக்கு ஊடு தேடி வந்த கடைக்காரம்மா இவங்க ஒருத்தங்கதான். வேற எங்க போவேன்?"

எத்தனை கம்ப்யூட்டர்?

ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஏகாம்பரத்திடம் இருந்தது பெட்டியில் வாங்கிய விண்டோஸ். மாற்றலாம். போனில் ஆக்டிவேட் செய்ய உட்கார்ந்தோம். நீளமான எண்ணை அவர் டிக்கெட் கிழிக்கிற குரலில் பிசகாமல் சொன்னார். கடைசியில் மறுமுனையில் இருந்த பதிவுக் குரல், இது எத்தனை கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று கேட்டது. பழைய மெஷின் பூந்தமல்லியில் அவர் தம்பி வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்று என்று சொல்லுங்கள் என்று விரலைக் காட்டினேன். அவர் இரண்டு என்றார். அவ்வளவுதான், மறுத்துவிட்டது.

போனை வைத்துவிட்டு நேராகப் பஸ் ஏறிப் பூந்தமல்லி போனார். தம்பியைச் சமாதானப்படுத்தி, அவர் போட்டோக்களையெல்லாம் பத்திரப்படுத்தி, என்னைப் போனில் கேட்டுக் கேட்டுப் பழையதிலிருந்து விண்டோஸை அழித்துவிட்டு மறுநாள் காலையில் வந்தார். இந்த முறை ஒன்று என்றார், வேலை முடிந்தது. நேற்றே ஒன்று என்று சொல்லியிருந்தால் இந்த அலைச்சல் இல்லையே என்று கேட்டேன். "அந்தப் பக்கம் மெஷினுதான் பேசுது, ஒத்துக்கறேன். இந்தப் பக்கம் நான்தானேம்மா பேசுறேன்?"

வாட்ச்மேன் வீட்டில்

ஐடியில் வேலை பார்க்கும் செந்தில், ஆவடிப் பக்கம் அடுக்குமாடியில் இருக்கிறார். பழைய மெஷினிலிருந்து லைசென்ஸை எடுத்துக்கொண்டு மீதியைக் காயலாங்கடைக்குப் போடச் சொன்னார். எடுக்க முடியாது, லைசென்ஸ் இருந்தால் அந்தப் பழைய மெஷினில்தான் இருக்கும் என்றேன். அப்படியானால் நன்றாக இருக்கிற பொருளை ஏன் எறிய வேண்டும் என்று யோசித்து, அதைச் சுத்தம் செய்து வாட்ச்மேன் முனுசாமியின் வீட்டில் வைத்துத் தரச் சொன்னார். முனுசாமியின் மகள் காலேஜில் சேர்ந்திருந்தாள்.

போட்டுக் காட்டியபோது, திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று முனுசாமி கேட்டார். இது ஒரிஜினல் என்று எழுதியிருக்கிறது என்றேன். அவர் அறையைச் சுற்றி ஒரு முறை பார்த்தார். "டிவி, போனு, என் கைல கீற வாட்சு, அல்லாமே டூப்ளிகேட்டு மேடம். நம்ம ஊட்டுல ஒரிஜினல்னு வந்தது இதான் மொத தபா."

பன்னிரண்டு வருஷத்தில் நான் மாற்றிக் கொடுத்த லைசென்ஸ்களை விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றாலும், "முடியாது" என்று நான் சொல்லி அனுப்பியவர்கள் திரும்பித் திரும்பி வருவதால்தான் இந்தக் கடை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.