ஸக்காத் படிவத்தின் இரண்டாம் பக்கம்

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கட்டாரில் ஓர் அலுவலகத்தில் தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், கைபேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து வலைப்பக்கம் எழுதப் பழகினேன். ஆட்களோடு கதைப்பதைவிட அது எனக்கு லேசாக இருந்தது.

கல்முனைக்குத் திரும்பி வந்ததும், ஏழைகளுக்கு ஸக்காத் பணம் பிரித்துக் கொடுக்கும் எங்கள் பள்ளிவாசல் கமிட்டி என்னைக் கூப்பிட்டது. நோன்புக்கு முன்னால் உதவி கேட்டு வரும் பெண்கள் வாசலில் நிற்பதை ரோட்டில் போகிறவர்களெல்லாம் பார்க்கிறார்கள். வீட்டிலிருந்தே போனில் நிரப்புகிற மாதிரி ஒரு படிவம் வேண்டும் என்றார்கள். கூலி வேண்டாம், என் பேரையும் வெளியில் சொல்ல வேண்டாம் என்று சொல்லி ஒத்துக்கொண்டேன்.

எனக்கும் ஒரு தேவை இருந்தது. என் கூடப்பிறந்த மூத்தவர், ராத்தா. அவரை மச்சான் விட்டுப் போய் மூன்று வருடம். வேறு கல்யாணமும் முடித்துவிட்டார். ஊருக்கு அவர் சவூதியில் இருக்கிறார் என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். ராத்தாவின் மூத்த மகளை வரிப்பத்தான்சேனையில் ஓர் இடத்தில் பெண் கேட்டிருந்தார்கள். நிக்காஹ் முடியும் வரை இந்த விசயம் வெளியே வரக்கூடாது. ஆனால் அதுவரை சாப்பிடவும் வேண்டுமே.

"ராத்தா, இதுல போடுங்க. கமிட்டியில ஒராள்தான் பாப்பாரு," என்றேன்.

"நீ செஞ்சதுதானே? அப்ப போடுறன்," என்றார்.

வலைப்பக்கத்துக்கு ஞாபகம் கிடையாது. இரண்டாம் பக்கம் திறக்கும்போது, முதல் பக்கத்தை நிரப்பியது யார் என்று அதற்குத் தெரியாது. ஆகவே ஒருவர் தந்த பெயர், பிள்ளைகள், வீட்டு நிலைமை எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி, அவர் முடித்து அனுப்பும் வரை சேர்வரில் வைத்திருக்க வேண்டும். ஆளுக்கு ஓர் இடம் கொடுத்து வைப்பதுதான் முறை. அதைத்தான் செஷன் என்பார்கள். நான் எல்லோருக்கும் பொதுவான ஒரே இடத்தில் வைத்துவிட்டேன். கடைசியாக எழுதியவருடைய விபரம்தான் அங்கே நிற்கும். ஒருவர் மட்டும் நிரப்பினால் பிழை தெரியவே தெரியாது. நான் தனியாகத்தான் திரும்பத் திரும்பச் சோதித்தேன். இன்னொருவரிடம் போய், நீங்களும் கூடவே நிரப்பிப் பாருங்கள் என்று கேட்க எனக்குக் கூச்சம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு, படிவம் திறந்தாயிற்று என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகளில் இருந்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் போனை எடுத்தார்கள்.

ராத்தாவின் எதிர்வீட்டுப் பெண் மூன்றாம் பக்கம் வரை போய், ஏதோ திருத்துவதற்காகப் பின்னால் வந்திருக்கிறார். இரண்டாம் பக்கத்தில் ராத்தாவின் பெயர். அதன் கீழே மச்சானைப் பற்றி ராத்தா எழுதியது முழுவதும். அந்தப் பெண் கெட்டவர் அல்ல. பயந்துபோய் போனைத் தூக்கிக்கொண்டு நேரே ராத்தாவிடம் ஓடி வந்தார்.

"இஞ்ச பாருங்க ராத்தா, உங்கட விசயம் எண்ட போன்ல வந்திரிக்கி."

வாசலில் இன்னும் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அசர் தொழுகைக்குள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. ராத்தா தன் படிவத்தை அனுப்பாமலே விட்டார்.

அன்றைக்கே திருத்தினேன். நாலைந்து வரிதான். மறுநாள் கமிட்டி அறைக்குப் போய், வழியெல்லாம் மனதில் சொல்லிப் பார்த்தபடி, பிழை என்னுடையதுதான் என்று சொன்னேன். தலைவர் சிரித்தார்.

"இதுக்கா தம்பி இவ்வளவு யோசிக்காய்? நல்லதும் ஒண்டு நடந்திரிக்கி. இனி ஒருத்தரும் பொய் சொல்லிப் போட மாட்டாங்க."

மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அங்கே சிரித்ததற்கு என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பத்து நாளில் வரிப்பத்தான்சேனையிலிருந்து செய்தி வந்தது. பிள்ளையின் வாப்பா லீவில் வரட்டும், பிறகு கதைப்போம் என்றிருந்தார்கள். மச்சான் வரமாட்டார் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் ராத்தா வீட்டுக்குப் போனேன். அவர் குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். மகள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"மாமா, கொழும்பில ஆளெடுத்துத்தான் அந்தப் படிவத்தச் செஞ்சாங்க எண்டு உம்மா சொன்னா. உங்களுக்குக் கம்ப்யூட்டர் ஆக்களத் தெரியுந்தானே. ஆரெண்டு கேட்டுச் சொல்லுவீங்களா?"

ராத்தா நிமிர்ந்து பார்க்கவில்லை. கத்தி மட்டும் ஒரு தரம் நின்று, பிறகு ஓடியது.

"கேட்டுப் பாக்கிறன் மகள்," என்றேன்.